குட்டை வெர்ட்டிகலும் லோடிங் காயிலும்: குறைந்த நீளத்தைக் காயில் ஈடுகட்டுகிறதா?

ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்கிறவர்கள், பேசிக்கொள்ளும்போது அடிக்கடி காதில் விழும் யோசனை ஒன்று உண்டு. "முழு நீள ஆன்டெனா வைக்க இடமில்லையா? குறைகிற நீளத்துக்குக் கம்பியைக் காயிலாகச் சுற்றி வைத்துவிடுங்கள், நீளம் சரியாகிவிடும்." நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். அதைக் கேட்டுச் செய்தவருக்கு ஆன்டெனா ஓரளவு வேலையும் செய்துவிடும். அதனால் அந்த விளக்கமே சரி என்று நிலைத்துப்போகிறது.

ஆனால் விளக்கம் தவறு. அதை நம்பிக் காயில் செய்கிறவர் கம்பி எத்தனை மீட்டர் என்று அளந்துகொண்டிருப்பார்; அளக்க வேண்டிய வேறு விஷயங்களைக் கவனிக்கவே மாட்டார். நீளம் குறைந்த ஆன்டெனாவோடு இப்படிச் சேர்க்கும் காயிலுக்கு லோடிங் காயில் என்று பெயர். அது உண்மையில் என்ன செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். கடைசி வரை ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்ளலாம்: 7.1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண், 2.5 மீட்டர் உயரமும் 2 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஓர் அலுமினியக் குழாய். தரையில் செங்குத்தாக நிற்கிறது; இப்படி நிற்கும் ஆன்டெனாவை வெர்ட்டிகல் என்பார்கள். அதன் அடியில் கேபிள் இணைகிறது.

கால் அலைநீளம் ஏன்?

300-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1-க்கு அது ஏறக்குறைய 42 மீட்டர். அதில் கால் பங்கு 10.5 மீட்டர். குழாயின் தடிமனும் முனையில் ஏற்படும் விளைவும் சேர்ந்து இதைக் கொஞ்சம் குறைக்கும்; நடைமுறையில் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நீளத்துக்கு என்ன சிறப்பு? அடியிலிருந்து கிளம்பும் மின் அலை மேல் முனைக்குப் போய்த் திரும்பி வருகிறது. கால் அலைநீளக் குழாயில், திரும்பி வரும் அலை அடுத்த தள்ளலோடு சரியாக இணைந்துகொள்கிறது. கொடுக்கிற மின்னழுத்தமும் பாய்கிற மின்னோட்டமும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குகின்றன. இந்த நிலைக்குப் பெயர் ஒத்ததிர்வு. இந்த நிலையில் டிரான்ஸ்மிட்டருக்கு ஆன்டெனா ஒரு சாதாரண மின்தடை போலத் தெரியும்.

குழாய் குட்டையானால் திரும்பும் அலை சீக்கிரமே வந்துவிடும். தாளம் தப்பிவிடும்.

மேசை விளிம்பில் ஒரு ஸ்கேல்

இரும்பு ஸ்கேல் ஒன்றை மேசை விளிம்பில் பாதிக்கு மேல் நீட்டி வைத்து, உள்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியைத் தட்டிவிடுங்கள். மெதுவாக, அகலமாக அதிரும். அப்புறம் ஸ்கேலை உள்ளே இழுத்துக் கொஞ்சம் மட்டும் வெளியே விட்டுத் தட்டினால் வேகமாக அதிரும். அந்தக் குட்டை நுனியில் ஓர் உருண்டைக் களிமண்ணை ஒட்டினால் அதிர்வு மறுபடி மெதுவாகும். அளவு சரியாக அமைந்தால் பழைய நீள ஸ்கேலின் அதே தாளம் வந்துவிடும்.

தாளம்தான் வந்தது, நீளம் வரவில்லை. ஸ்கேல் அதே குட்டை ஸ்கேல்தான். அது அசைக்கும் காற்று இன்னும் கொஞ்சம்தான். களிமண் எத்தனை நீளம் என்று யாரும் கேட்பதில்லை, அதன் எடைதான் கணக்கு.

லோடிங் காயிலும் இப்படித்தான். ஆன்டெனாவின் தாளத்தை அது சரிசெய்கிறது, உயரத்தைக் கூட்டுவதில்லை. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். ஸ்கேலில் நுனிதான் அதிகம் அசைகிறது; ஆன்டெனாவில் மின்னோட்டம் அடியில்தான் அதிகம். காயிலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஸ்கேல் பதில் சொல்லாது.

காயில் எதை நீக்குகிறது?

ஒத்ததிர்வுக்குக் குறைந்த நீளமுள்ள குழாய், தரையோடு சேர்ந்து ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்கிறது. மின்தேக்கியும் காயிலும் மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்புக்கு மின்மறுப்பு என்று பெயர். மின்தடையைப் போல இதையும் ஓமில்தான் அளக்கிறோம். ஆனால் மின்தடை சக்தியைத் தின்றுவிடும். மின்மறுப்பு வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த நொடிப்பகுதியில் திருப்பிக் கொடுத்துவிடும்.

மின்தேக்கியின் மின்மறுப்பும் காயிலின் மின்மறுப்பும் நேர் எதிரானவை. ஒன்றைக் கழித்தல் குறியோடும் மற்றதைக் கூட்டல் குறியோடும் எழுதுவது வழக்கம். நம் 2.5 மீட்டர் குழாய்க்கு 7.1 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய −800 ஓம். அதனோடு +800 ஓம் உள்ள காயிலைத் தொடராக இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது மின்தடை மட்டும். ஒத்ததிர்வு திரும்பிவிட்டது. காயிலின் வேலை இதுதான், இவ்வளவுதான்.

+800 ஓமுக்கு எவ்வளவு காயில் வேண்டும்? காயிலின் அளவை மைக்ரோஹென்றியில் சொல்கிறோம். அதற்குத் தூண்டல் எண் என்று பெயர். மின்மறுப்பை அதிர்வெண்ணாலும் 6.28-ஆலும் வகுத்தால் தூண்டல் எண் வரும். 800-ஐ 7.1-ஆலும் 6.28-ஆலும் வகுத்தால் 18 மைக்ரோஹென்றி.

இப்போது கம்பியின் நீளத்துக்கு வருவோம்

காற்று மட்டுமே உள்ளே இருக்கும் ஒற்றை அடுக்குக் காயிலுக்கு ஹரால்ட் வீலர் 1928-இல் கொடுத்த சூத்திரம் இன்றும் போதுமானது. ஆரத்தையும் காயிலின் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, 0.394-ஆலும் பெருக்குங்கள். வந்த விடையை, ஆரத்தின் 9 மடங்கையும் நீளத்தின் 10 மடங்கையும் கூட்டிய தொகையால் வகுங்கள். கிடைப்பது மைக்ரோஹென்றி.

6 செ.மீ. விட்டம், 6 செ.மீ. நீளம், 21 சுற்று என்று போட்டுப் பாருங்கள்: 18 மைக்ரோஹென்றி. அதற்குச் செலவாகும் கம்பி சுமார் 4 மீட்டர். 3 செ.மீ. விட்டத்தில் 10 செ.மீ. நீளத்துக்குச் சுற்றினால் அதே 18-க்கு 48 சுற்று வேண்டும். கம்பி சுமார் 4.5 மீட்டர். 10 செ.மீ. விட்டம், 10 செ.மீ. நீளம் என்றால் 16 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். கம்பி 5 மீட்டருக்கு மேல்.

மூன்று காயிலும் ஆன்டெனாவுக்குச் செய்யும் வேலை ஒன்றே. மூன்றிலும் கம்பியின் நீளம் வேறு. நமக்குக் குறைகிற நீளமோ 7.5 மீட்டர்! எதிலும் அது வரவில்லை. "குறைந்த நீளத்தைச் சுற்றி வை" என்ற யோசனைப்படி 7.5 மீட்டரையும் சுற்றினால் தூண்டல் எண் தேவைக்கு மேல் போய், ஒத்ததிர்வு 7.1-க்குக் கீழே எங்கேயோ விழும்.

இன்னொன்றும் பாருங்கள். காயில் உண்மையிலேயே 7.5 மீட்டர் ஆன்டெனாவுக்குப் பதிலாக நிற்கிறது என்றால், அதன் அடியில் நுழையும் மின்னோட்டம் மேலே வெளியேறும்போது நிறையக் குறைந்திருக்க வேண்டும். கச்சிதமான காயிலில் இரண்டு முனையிலும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். நீளமான பெரிய காயில்களில் கொஞ்சம் குறையும். அது காயிலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையில் இருக்கும் சிறு மின்தேக்கித் தன்மையால் வருவது. மறைந்திருக்கும் நீளத்தால் அல்ல.

இதுவரை பார்த்தது: குட்டைக் குழாய் மின்தேக்கி போல நடக்கிறது, காயில் அந்தத் தன்மையை நீக்குகிறது, தேவைப்படுவது குறிப்பிட்ட மைக்ரோஹென்றி. கம்பியின் மீட்டர் கணக்குக்கு இதில் இடமே இல்லை.

அப்படியானால் அலையை வீசுவது எது?

நேராக நிற்கும் குழாய்தான். அதில் எவ்வளவு மின்னோட்டம் எவ்வளவு உயரத்துக்குப் பாய்கிறது என்பதே கணக்கு. 6 செ.மீ. காயில் தானாக வீசுவது மிகச் சொற்பம்.

அலையாக வெளியேறும் சக்தியை, ஏதோ ஒரு மின்தடையில் அது செலவானது போலக் கணக்கிட்டு ஓமில் சொல்லும் வழக்கம் உண்டு. அந்த எண்ணுக்குக் கதிர்வீச்சு மின்தடை என்று பெயர். இது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது; இந்த 'மின்தடை'யில் செலவாவதுதான் நாம் அனுப்ப நினைக்கும் சிக்னல்.

முழுக் கால் அலைநீள வெர்ட்டிகலுக்கு நல்ல தரையின் மேல் இது 36 ஓம். நம் 2.5 மீட்டர் குழாயின் அடியில் காயிலை வைத்தால் 1.4 ஓம். பலருக்கும் இந்த இடத்தில் அதிர்ச்சியாக இருக்கும். உயரம் காலாகக் குறைந்ததற்கு இவ்வளவு சரிவா? கதிர்வீச்சு மின்தடை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி உயரம் என்றால் கால் பங்கு, கால் உயரம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அதோடு குட்டைக் குழாயில் மின்னோட்டம் அடியிலிருந்து நுனிவரை நேர்கோடாகக் குறைந்து பூஜ்யமாவதால் இன்னும் கொஞ்சம் குறைகிறது. காயிலை எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் இந்த 1.4 மாறாது.

100 வாட் எங்கே போகிறது?

மின்னோட்டத்தின் பாதையில் மூன்று மின்தடைகள் வரிசையாக நிற்கின்றன. கதிர்வீச்சு மின்தடை 1.4 ஓம். காயில் கம்பியின் இழப்பு, நல்ல காயிலாக இருந்தால் 4 ஓம். மூன்றாவது தரை. ஆன்டெனாவின் மின்னோட்டம் தரை வழியாகத்தான் சுற்றை முடிக்கிறது. ரேடியல் கம்பிகள், அதாவது அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலத் தரையில் விரிக்கும் கம்பிகள், சுமாராக இருந்தால் அந்த இழப்பை 10 ஓம் என்று கொள்ளலாம்.

மொத்தம் 15.4 ஓம். மூன்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் சக்தி ஓமின் விகிதத்தில் பிரியும். 100 வாட் கொடுத்தால் 65 வாட் தரையைச் சூடாக்கும், 26 வாட் காயிலைச் சூடாக்கும், 9 வாட் காற்றில் போகும்.

இந்த 9-ஐப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதே தரையில் முழு நீள வெர்ட்டிகல் 78 வாட் வீசியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 9 டெசிபெல் சொச்சம், ரிசீவரில் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒன்றரைப் புள்ளி. எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு நம் குரல் அவ்வளவு தாழ்ந்து கேட்கும், மறைந்துவிடாது. கேட்பதில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியவும் தெரியாது. 7 மெகாஹெர்ட்ஸில் வெளியிலிருந்து வரும் இரைச்சலே அதிகம் என்பதால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே குறைகின்றன. குட்டை ஆன்டெனா வைத்தவர்கள் "எல்லாரையும் நன்றாகக் கேட்கிறேன், எனக்குத்தான் பதில் வருவதில்லை" என்று சொல்வதன் காரணம் இதுதான்.

எஸ்.டபிள்யூ.ஆர். வைக்கும் பொறி

தவறான விளக்கங்களிலேயே அதிகம் கெடுதல் செய்வது இங்கே இருக்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர். என்பது கேபிளின் 50 ஓமுக்கும் ஆன்டெனா காட்டும் ஓமுக்கும் உள்ள பொருத்தத்தைச் சொல்லும் எண். 1 என்றால் முழுப் பொருத்தம். ஆன்டெனா எவ்வளவு வீசுகிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நம் ஆன்டெனாவின் 15.4 ஓமுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 3.2. இதே ஆன்டெனாவை ரேடியலே இல்லாமல், இழப்பு 45 ஓம் உள்ள மோசமான தரையில் வைத்துப் பாருங்கள். மொத்தம் 50.4 ஓம், எஸ்.டபிள்யூ.ஆர். அப்படியே 1. மீட்டரைப் பார்த்து மகிழ்ந்துபோவோம். காற்றில் போவதோ 3 வாட்டுக்கும் குறைவு.

ஆகவே காயில் மட்டும் வைத்த குட்டை வெர்ட்டிகல், வேறு பொருத்தும் சுற்று எதுவும் இல்லாமலே எஸ்.டபிள்யூ.ஆர். 1 காட்டினால் சந்தேகப்படுங்கள். பட்டை முழுவதும், அதாவது ஹாம்களுக்கு ஒதுக்கிய அதிர்வெண் பகுதி முழுவதும், ட்யூன் மாறாமல் நின்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். நல்ல குட்டை ஆன்டெனாவின் அலைவரிசை அகலம் குறுகலாகத்தான் இருக்கும்.

சுருக்கமாக: சிக்னலாக மாறுவது கதிர்வீச்சு மின்தடையில் செலவாகும் பங்கு மட்டும். தரையும் காயிலும் அதோடு போட்டி போடுகின்றன. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டருக்கு அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரியாது.

காயிலை எங்கே வைப்பது?

அடியில் வைத்தால் செய்வது எளிது, காற்றுக்கும் தாங்கும். ஆனால் மின்னோட்டம் அடியிலேயே குறையத் தொடங்கிவிடும். நடுவில் வைத்தால் கீழ்ப் பாதி முழுவதும் மின்னோட்டம் ஏறக்குறைய முழு அளவில் பாயும். அதற்கு மேல்தான் குறையும். கதிர்வீச்சு மின்தடை 1.4-இலிருந்து 3.1 ஓமாக, இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. காயிலுக்கு மேலே இப்போது 1.25 மீட்டர் குழாய்தான். குட்டையான துண்டின் மின்தேக்கித் தன்மை சிறிது. சிறிய மின்தேக்கியின் மின்மறுப்பு பெரிது. அதை நீக்க 18 போதாது, 31 மைக்ரோஹென்றி வேண்டும். காயிலின் இழப்பு 4-இலிருந்து 7 ஓமாகும். கூட்டிக் கழித்தால் 100-க்கு 15 வாட் வெளியே போகிறது. 9-ஐ விட நல்ல முன்னேற்றம். இன்னும் மேலே ஏற்றிக்கொண்டே போனால் மின்னோட்டம் கூடும், ஆனால் காயில் பூதாகரமாகி, ஒரு கட்டத்துக்குப் பிறகு அதன் இழப்பே லாபத்தைத் தின்றுவிடும். நடுப்பகுதியும் அதற்குக் கொஞ்சம் மேலும் பலருக்குப் பிடித்த இடமாக இருப்பது இதனால்தான்.

இந்த இக்கட்டிலிருந்து வெளியேற ஓர் அருமையான வழி, தொப்பி. குழாயின் உச்சியில் குடைக் கம்பிகள் போல நாலைந்து கம்பிகளைக் கிடைமட்டமாக விரிப்பது. அது மேலே மின்தேக்கித் தன்மையைக் கூட்டுகிறது. மின்னோட்டத்துக்கு உச்சியிலும் போக இடம் கிடைப்பதால் அது நுனியில் பூஜ்யமாவதில்லை. போதுமான அளவு பெரிய தொப்பியானால் கதிர்வீச்சு மின்தடை 1.4-இலிருந்து அதன் நான்கு மடங்கான 5.5 ஓமை நெருங்கும். அதே நேரத்தில் காயிலும் சிறியதாகிவிடும், இழப்பும் குறையும். தொப்பியைக் காயிலுக்கு ஒட்டி வைக்காமல் உச்சியில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், காயிலைப் பற்றி யோசிப்பதற்கு முன் அரை மீட்டர் கூடுதல் உயரம் கிடைக்குமா என்று பாருங்கள். 2.5 மீட்டரை 3 ஆக்கினாலே கதிர்வீச்சு மின்தடை 2 ஓமாகிறது, காயிலும் குறைகிறது. 9 வாட் 13 வாட்டாகிவிடும். தரை இழப்பை 10-இலிருந்து 5 ஓமாக்கினாலும் அதே 13 வாட் கிடைக்கும். காயிலை மட்டும் பாடுபட்டு மெருகேற்றினால் 10 வாட்டைத் தொடுவதே கஷ்டம்.

நல்ல காயில், சுமாரான காயில்

அதற்காகக் காயிலில் அலட்சியமாக இருக்கலாம் என்றில்லை. காயிலின் மின்மறுப்பை அதன் இழப்பு மின்தடையால் வகுத்தால் வரும் எண்ணைக் க்யூ என்கிறோம். 800 ஓமுக்கு 4 ஓம் இழப்பு என்று சொன்னபோது க்யூ 200 என்று வைத்துக்கொண்டோம். மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி க்யூ 60-க்கு விழுந்தால் இழப்பு 13 ஓமுக்கு மேல். காற்றில் போவது 9 வாட்டிலிருந்து 5 சொச்சமாகும்.

7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில், ஏறக்குறைய 0.025 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் பாய்கிறது. அதனால் கம்பியின் சுற்றளவுதான் முக்கியம், உள்ளே உள்ள செம்பு சும்மா இருக்கிறது. சுற்றுகளுக்கு இடையே ஒரு கம்பியின் தடிமன் அளவுக்கு இடைவெளி விடுங்கள். ஒட்டிச் சுற்றினால் பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் மின்னோட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும், இழப்பு கூடும். நாம் பார்த்த 21 சுற்றுக் காயிலுக்கு 1.5 மி.மீ. கம்பி சரியாகப் பொருந்தும். விட்டமும் நீளமும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவில் இருப்பது நல்ல வடிவம். உள்ளே குழாய் தேவையென்றால் காற்று இடைவெளி அதிகமுள்ளதாக, கார்பன் கலக்காத பிளாஸ்டிக்காக இருக்கட்டும். காயிலின் முனைக்கு அருகில் பெரிய உலோகத் தட்டோ மூடியோ வைக்காதீர்கள். அதில் தூண்டப்படும் மின்னோட்டம் க்யூவைக் கீழே இழுத்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். 100 வாட்டில் நம் ஆன்டெனாவின் அடியில் 2.5 ஆம்பியர் பாய்கிறது. அது 800 ஓம் காயிலில் பாயும்போது காயிலின் இரு முனைகளுக்கும் இடையே 2000 வோல்ட் உண்டாகும். அடியில் காயில் உள்ள ஆன்டெனா யார் கைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கிறது. குழந்தைகளும் விலங்குகளும் நெருங்காத இடத்தில் வையுங்கள். ட்யூன் செய்ய காயிலைத் தொட வேண்டுமானால் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

சுற்றி முடித்த பிறகு

கணக்கில் வந்ததைவிட ஓரிரு சுற்று அதிகமாகவே சுற்றி வையுங்கள். சூத்திரமும் குழாயின் மின்மறுப்புக் கணக்கும் அருகில் கொண்டுபோய் நிறுத்தும். கடைசி அடியை, ஆன்டெனாவின் மின்தடையையும் மின்மறுப்பையும் அளக்கும் கருவியான ஆன்டெனா அனலைசரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். மின்மறுப்பு பூஜ்யமாகும் அதிர்வெண்ணைப் பாருங்கள். அது 7.1-க்குக் கீழே இருந்தால் சுற்றைக் குறைக்கலாம், அல்லது உச்சித் துண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாம். உயரத்தை இழக்காமல் இருக்க, சுற்றைக் குறைப்பதே மேல்.

அந்த அதிர்வெண்ணில் அனலைசர் காட்டும் மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கதிர்வீச்சு மின்தடையையும் காயில் இழப்பையும் கழித்தால் தரை இழப்பு தெரிந்துவிடும். 40 ஓம் காட்டினால் 35 ஓம் தரையில் போகிறது என்று பொருள். ரேடியல்களைக் கூட்டக் கூட்ட இந்த எண் இறங்கும், எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். ஏறட்டும். ரேடியல் கூட்டியும் எண் அசையாமல் நிற்கிற இடம் வந்த பிறகு பொருத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நம் 15.4 ஓமுக்கு, லோடிங் காயிலில் இன்னும் ஒரு சிறு பங்கைக் குறைத்து, கேபிள் இணையும் இடத்தில் மையக் கம்பிக்கும் தரைக்கும் குறுக்கே 0.75 மைக்ரோஹென்றி உள்ள சின்னக் காயில் ஒன்றை வைத்தால் 50 ஓம் வந்துவிடும்.